நஞ்சும் நாடியும் – 9: சொல்பேச்சு கேளாத தசை

1993இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு விசித்திரமான நோயாளியைப் பற்றிய சிறு கட்டுரை வெளிவந்தது. அவர் ஆய்வகப் பணியாளர், நடுவயதுக்காரர். உடம்பில் கட்டி இருப்பது சற்று முன்புதான் தெரியவந்திருந்தது. பாக்டீரியாவின் நஞ்சு கட்டியைக் கரைத்துவிடும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி 1890களில் அதை நம்பித்தான் சிகிச்சையே செய்தார். நம் ஆய்வகப் பணியாளருக்கும் அந்த யோசனை பிடித்துவிட்டது போலும். சால்மோனெல்லா கிருமியிலிருந்து பிரித்தெடுத்த எண்டோடாக்சினில் 1 மில்லிகிராமைத் தனக்குத்தானே ரத்தநாளத்தில் ஊசியாகப் போட்டுக்கொண்டார்.

ஒரு மில்லிகிராம் என்றால் கண்ணுக்கு ஒரு பொருட்டில்லை. ஆனால், ஆராய்ச்சிக்காகத் தன்னார்வலர்களுக்கு எண்டோடாக்சின் கொடுக்கும்போது உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 4 நானோகிராம்தான் கொடுப்பார்கள். அதற்கே குளிர் நடுக்கம், காய்ச்சல், தலைவலி எல்லாம் வந்து சில மணி நேரம் ஆட்டிவைக்கும். இவர் ஏற்றிக்கொண்டது அதைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தபோது ரத்த அழுத்தம் அதலபாதாளத்தில் இருந்தது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. தீவிர சிகிச்சைக்குப் பிறகு ஒருவழியாகப் பிழைத்தார்.

மருத்துவர்கள் அவருடைய ரத்த ஓட்டத்தை அளந்து வைத்திருந்தார்கள். இதயம் சோர்ந்துபோகவில்லை, வழக்கத்தைவிட அதிகமாகவே ரத்தத்தை இறைத்துக்கொண்டிருந்தது. ஆள் ரத்தம் சிந்தவும் இல்லை. ஊசியில் இருந்தது சுத்திகரித்த நஞ்சுதான், உயிருள்ள கிருமி அல்ல. இருந்தும் செப்டிக் ஷாக், அதாவது தொற்று முற்றி ரத்த அழுத்தம் சரிந்த நோயாளியிடம் காணும் அத்தனையும் அவரிடம் இருந்தன. குழாய்கள் தொளதொளத்துவிட்டன, அழுத்தம் நிற்கவில்லை.

தொளதொளத்தது எது, யார் சொல்லி? இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

தொடரைப் பாதியில் பிடித்தவர்களுக்காகச் சுருக்கமாக: 1892இல் பெர்லினில், ராபர்ட் கோக்கின் நிறுவனத்தில் ரிச்சர்ட் பைஃபர், காலரா கிருமிகளைச் சூடாக்கிக் கொன்று கினிப்பன்றிகளுக்குள் செலுத்தினார். கிருமி செத்திருந்தும் விலங்குகள் செத்தன. கிருமியின் உடம்போடு ஒட்டிய அந்த நஞ்சுக்கு எண்டோடாக்சின் என்று பெயரிட்டார். ஓட்டோ வெஸ்ட்ஃபாலும் ஓட்டோ லூடரிட்ஸும் சூடான ஃபீனாலும் தண்ணீரும் கொண்டு அதைத் தூய்மையாகப் பிரித்தெடுக்கும் வழியைப் பிற்பாடு கண்டுபிடித்தார்கள். கொழுப்பும் சர்க்கரைச் சங்கிலியும் இணைந்த ஒரு பொருள் அது. பாம்பு விஷம் போலத் திசுக்களை அரிப்பதில்லை, செல்களைக் கரைப்பதில்லை. 1972இல் லூயிஸ் தாமஸ் என்ற அமெரிக்க மருத்துவர், இந்தப் பொருளை நம் உடம்பு எப்படி எடுத்துக்கொள்கிறதோ அதில்தான் ஆபத்தே இருக்கிறது என்று வாதாடினார். நம்மைக் கொல்வது நம் ஆயுதக் கிடங்குதான் என்பது அவர் கட்சி. அப்போது அது துணிச்சலான கருத்து. அடுத்த இருபது ஆண்டுகளில் சேர்ந்த சான்றுகள் பெரும்பாலும் அவர் பக்கமே சாய்ந்தன.

இனி தசைக்கு வருவோம். தசை என்றதும் புஜமும் தொடையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் உடம்பிலுள்ள ஒவ்வொரு தமனியின் சுவரிலும் மென்தசைச் செல்கள் வளையம் வளையமாகச் சுற்றியிருக்கின்றன. குழாய் சிறுக்கச் சிறுக்க, அதன் கனத்தோடு ஒப்பிட்டால் தசையின் பங்கு கூடுகிறது. முடியளவு நுண்தமனிகளில் இந்தத் தசைதான் அழுத்தத்தைத் தீர்மானிக்கும் அதிகாரி. இது முழுக்கத் தளர்வதும் இல்லை, முழுக்க இறுகுவதும் இல்லை. எப்போதும் அரை இறுக்கத்தில் நிற்கிறது. நரம்பு முனையிலிருந்து நார்அட்ரினலின் வந்தால் செல்லுக்குள் கால்சியம் பெருகும், தசை இன்னும் கொஞ்சம் இறுகும். உடம்பிலுள்ள எல்லா நுண்தமனிகளும் ஒரே சமயத்தில் தளர்ந்துவிட்டால், இருக்கிற ஐந்து லிட்டர் ரத்தம் அவற்றை நிரப்பப் போதாது. தெருவில் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்துவிட்டால் கடைசி வீட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது அல்லவா, அந்தக் கதைதான். அந்தக் கடைசி வீடு இங்கே சிறுநீரகம், மூளை, இதயம்.

தொற்று முற்றிய நோயாளியின் குழாய்கள் ஏன் தளர்கின்றன என்று 19ஆம் நூற்றாண்டிலேயே யோசித்திருக்கிறார்கள். 1899இல் ஜெர்மன் மருத்துவர் எர்ன்ஸ்ட் ரோம்பெர்க்கும் சகாக்களும் முயல்களில் சோதித்துப் பார்த்து, மூளைத்தண்டில் ரத்தநாளங்களை ஆளும் மையம் செயலிழந்துவிடுவதே காரணம் என்று முடிவுகட்டினார்கள். அதாவது தலைமையகம் விழுந்துவிட்டது, கடைநிலை ஊழியர் மேல் பிழையில்லை. மதிப்பான விளக்கம்தான். நெடுங்காலம் பலரும் அதை ஏற்றார்கள். தசை என்பது வெறும் ஏவலாள், சொன்னால் இறுகும், சொல்லாவிட்டால் தளரும், அதற்கென்று புத்தி கிடையாது என்ற எண்ணமும் அதோடு சேர்ந்தே வந்தது.

அதைக் கலைத்தது ஒரு எளிய சாதனம். மருந்தியல் படித்த எல்லோருக்கும் தெரிந்த உறுப்புத் தொட்டி: உப்புக் கரைசல் நிறைந்த சிறு கண்ணாடிக் கலம், கீழிருந்து குமிழியிடும் ஆக்சிஜன், நடுவே இரண்டு கொக்கிகளில் மாட்டித் தொங்கும் ஒரு தமனி வளையம். மருந்தை ஊற்றினால் வளையம் இறுகும், கருவி கோடு கிழிக்கும். எண்டோடாக்சின் கொடுத்த எலியைச் சில மணி நேரம் விட்டுவைத்து, பெருந்தமனியை வெட்டியெடுத்து இந்தத் தொட்டியில் தொங்கவிட்டார்கள். நார்அட்ரினலினை ஊற்றினார்கள். ஆரோக்கியமான எலியின் வளையம் சுண்டி இறுகும் அளவு மருந்துக்கு இது அசைந்துகொடுக்கவே இல்லை. அளவைக் கூட்டினால் லேசாக முனகியது, அவ்வளவுதான். இங்கே மூளை இல்லை. நரம்பின் கட்டளை இல்லை, ரத்தம்கூட இல்லை. கோளாறு குழாயின் சுவருக்குள்ளேயே குடியிருந்தது.

சுவருக்குள் என்றால் யார்? 1980களில் கேட்டிருந்தால் எல்லோரும் ஒரே ஆளைத்தான் காட்டியிருப்பார்கள். நியூயார்க்கின் புரூக்ளினில் ராபர்ட் ஃபர்ச்காட் 1980இல் வெளியிட்ட ஆய்வு அப்போதுதான் துறையையே புரட்டிப் போட்டிருந்தது. முயலின் தமனியில் உட்படலத்தை உரசி எடுத்துவிட்டால் அசிட்டைல்கோலின் அதைத் தளர்த்துவதில்லை, படலம் இருந்தால் தளர்த்துகிறது. ஆக, படலத்திலிருந்து ஏதோ ஒன்று கசிந்து கீழேயுள்ள தசையைத் தளர்த்துகிறது. 1987இல், லண்டனை அடுத்த பெக்கன்ஹாமில் வெல்கம் ஆய்வகத்தில் ஹோண்டுராஸ்காரரான சால்வடார் மொன்காடாவின் குழு, அந்த ஏதோ ஒன்றுக்கு முகம் கொடுத்தது: நைட்ரிக் ஆக்சைடு. வாகனப் புகையில் இருக்கும் அதே வாயு. மறு ஆண்டு, உடம்பு அதை அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து தயாரிக்கிறது என்பதும் தெரிந்தது. செப்சிஸில், அதாவது தொற்று முற்றிய நிலையில், தளர்ச்சி என்றால் உட்படலம்தான் வாயுவைக் கொட்டுகிறது என்று நினைப்பது இயல்பு.

இன்னொரு திசையிலிருந்து, ரத்தநாளத்துக்குச் சம்பந்தமே இல்லாத சிலர் இதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய கவலை பதப்படுத்திய இறைச்சி. அதில் சேர்க்கும் நைட்ரைட்டும் நைட்ரேட்டும் உடம்பில் புற்றுநோய்ப் பொருளாக மாறுமோ என்று எம்ஐடியில் ஸ்டீவன் டானன்பாமின் குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. நைட்ரேட் குறைந்த உணவைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துச் சிறுநீரைச் சேகரித்தார்கள். உள்ளே போனதைவிட வெளியே வந்த நைட்ரேட் அதிகம். மனித உடம்பே அதைத் தயாரிக்கிறது என்று 1981இல் எழுதினார்கள். அதோடு ஒரு தற்செயல்: தன்னார்வலர்களில் ஒருவருக்கு இடையில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தன. அந்த நாட்களில் அவருடைய சிறுநீர் நைட்ரேட் எகிறியது. சாதாரணமாக இப்படிப்பட்ட ஆளைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இவர்கள் விடவில்லை. எலிகளுக்கு எண்டோடாக்சின் கொடுத்துப் பார்த்தார்கள், நைட்ரேட் பல மடங்கு உயர்ந்தது. 1985இல் அதே எம்ஐடியில் டென்னிஸ் ஸ்டூயரும் மைக்கேல் மார்லெட்டாவும், எண்டோடாக்சின் பட்ட மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள்தான் அதைச் செய்கின்றன என்று காட்டினார்கள். 1987இல் யூட்டாவில் ஜான் ஹிப்ஸ் அதற்கு அர்ஜினைன் தேவை என்று கண்டதோடு, எல்-என்எம்எம்ஏ என்ற போலி அர்ஜினைனைக் கொடுத்தால் தயாரிப்பு நின்றுவிடுகிறது என்றும் கண்டார். அந்தப் போலிப் பொருளின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

இந்த இரண்டு பாதைகளும் 1990இல் சந்தித்தன. ஒரே ஆண்டில் இத்தனை ஊர்களில் இருந்து ஒரே செய்தி வந்தது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்கில் ஜான்-கிளோத் ஸ்டோக்லே, இங்க்ரிட் ஃபிளெமிங் ஆகியோரின் குழு, கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜேம்ஸ் பாரட்டுடன் சேர்ந்து, எண்டோடாக்சின் பட்ட எலியின் தமனி வளையத்தில் உட்படலத்தை உரசி எடுத்தது. சந்தேகத்துக்குரிய ஆளையே வெளியேற்றிவிட்டார்கள். வளையம் அப்போதும் நார்அட்ரினலினுக்கு மசியவில்லை. பிறகு அர்ஜினைன் பாதையை அடைக்கும் மருந்தை ஊற்றினார்கள். பல மணி நேரமாகச் செவிடாகக் கிடந்த வளையம் இறுகத் தொடங்கியது.

படலம் இல்லாத குழாயில் மிச்சம் இருப்பது பெரும்பாலும் தசைதான். வாயுவைத் தயாரித்துத் தன்னைத்தானே தளர்த்திக்கொண்டிருந்தது அந்தத் தசை!

ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் ரூடி புஸ்ஸேயும் அலெக்சாண்டர் முல்ஷும் இதையே தட்டில் வளர்த்த மென்தசைச் செல்களில் காட்டினார்கள். தொற்றின்போது வெள்ளணுக்கள் பரப்பும் சைட்டோகைன்களை ஊற்றினால், அதுவரை அந்தச் செல்லில் இல்லாத ஒரு நொதி புதிதாக முளைத்து நைட்ரிக் ஆக்சைடைத் தயாரித்தது. பெக்கன்ஹாமிலோ, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை முன்கூட்டியே கொடுத்தால் அந்த நொதி முளைப்பதே நின்றுவிடுவதைப் பார்த்தார்கள்.

இந்த நொதிக்கும் உட்படலத்தில் வழக்கமாக இருக்கும் நொதிக்கும் உள்ள வேறுபாட்டில்தான் விபரீதம் அடங்கியிருக்கிறது. உட்படலத்து நொதி கால்சியத்துக்குக் கட்டுப்பட்டது. கால்சியம் ஏறினால் ஒரு சிட்டிகை வாயு, இறங்கினால் நிறுத்தம். தசையில் முளைக்கும் புதிய நொதி கால்சியத்தைச் சட்டை செய்வதே இல்லை. அதற்கு வேண்டிய கால்மோடுலின் என்ற துணைப்புரதத்தை அது பிறக்கும்போதே இறுகப் பற்றிக்கொண்டு பிறக்கிறது. அர்ஜினைனும் ஆக்சிஜனும் உள்ளவரை மணிக்கணக்காக, நாள்கணக்காக ஓடுகிறது. நிறுத்தும் பொத்தான் இல்லாத இயந்திரம். மரபணு விழித்து, செய்தி எழுதப்பட்டு, நொதி உருவாக வேண்டும் என்பதால் தொடங்கச் சில மணி நேரம் பிடிக்கிறது. எலிக்கு நஞ்சு ஏற்றியவுடன் அழுத்தம் ஒரு தரம் விழுந்து, ஓரளவு தேறி, மணிக்கணக்கு கழித்து மறுபடி மெதுவாக இறங்கத் தொடங்குவதற்கு இதுதான் விளக்கம். முதல் வீழ்ச்சிக்கு வேறு பொறுப்பாளிகள் உண்டு. இரண்டாவது, பிடிவாதமான வீழ்ச்சிதான் தசையின் கைவரிசை.

வாயு பிறந்த பிறகு நடப்பது பழைய கதை. ஃபெரிட் முராட் 1977இலேயே, நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரோகிளிசரின் நைட்ரிக் ஆக்சைடாக மாறித்தான் வேலை செய்கிறது என்று காட்டியிருந்தார். அது குவானைலில் சைக்ளேஸ் என்ற நொதியைத் தட்டியெழுப்பும். சைக்ளிக் ஜிஎம்பி என்ற தூதுப்பொருள் பெருகும். கால்சியம் இறங்கும். இறுகிய மயோசின் இழைகளை விடுவிக்கும் நொதி வேகம் பிடிக்கும். தசை அவிழும். நார்அட்ரினலின் கதவைத் தட்டிக்கொண்டேதான் இருக்கிறது. ஏற்பியும் அதைக் கேட்கிறது. உள்ளே வேலை நடப்பதில்லை.

அதோடு இந்தத் தசை வாயுவை மட்டும் வெளியிடுவதில்லை. பாஸ்டனில் பீட்டர் லிபியின் ஆய்வகம், மனித ரத்தநாளத் தசைச் செல்கள் தொற்றுச் சமிக்ஞைகள் பட்டால் இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் பொருளை ஏராளமாகச் சுரக்கின்றன என்று அதே 1990இல் எழுதியது. ஏவலாளாக நினைத்திருந்த செல், நோயெதிர்ப்புப் படையோடு சேர்ந்து கூச்சல் போடுகிறது. உடம்பிலுள்ள அத்தனை தமனிகளின் தசையையும் கூட்டிப் பார்த்தால் இது சின்னக் கூச்சல் இல்லை.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு? என் ஊகம் இது: நைட்ரிக் ஆக்சைடு கிருமிக் கொல்லி. காயத்தின் அருகே ஒரு தமனியின் சுவரில் கிருமி நுழைந்தால், அங்குள்ள தசை அதைச் சுரப்பதும், குழாயைத் தளர்த்தி வெள்ளணுக்களுக்கு வழிவிடுவதும் நல்ல தற்காப்பு. ஓரிடத்தில் நடக்கும்வரை புத்திசாலித்தனம், ரத்தம் முழுக்க நஞ்சு பரவி எல்லா இடத்திலும் நடக்கும்போது பேரழிவு. 1995இல், தசையில் முளைத்து வாயுவைத் தயாரிக்கும் அந்த நொதியின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை உருவாக்கினார்கள். எண்டோடாக்சின் கொடுத்தபோது அவற்றின் ரத்த அழுத்தம் அவ்வளவாக இறங்கவில்லை. ஆனால் லிஸ்டீரியா கிருமி தொற்றியபோது சாதாரணச் சுண்டெலிகளைவிட எளிதில் செத்தன. ஊகத்துக்கு இது ஓரளவு துணை நிற்கிறது. இன்னொரு குழு உருவாக்கிய சுண்டெலிகளோ, நொதி இல்லாமலும் எண்டோடாக்சினுக்குப் பலியாயின. அந்த முடிவை அப்போதே உரக்கப் படித்திருக்க வேண்டும்.

ஆனால் மருந்து புறப்பட்டுவிட்டது. 1990இல் ஹூஸ்டனில் ராபர்ட் கில்போர்னும் சகாக்களும் நாய்களில் எல்-என்எம்எம்ஏ கொடுத்து, விழுந்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். லண்டனில் கிறிஸ்டோஃப் தீமர்மனும் ஜான் வேனும் எலிகளில் காட்டியிருந்தார்கள். 1991இல் லண்டனில் செப்டிக் ஷாக்கில் கிடந்த இரண்டு நோயாளிகளுக்கு இந்த வகை மருந்தைக் கொடுத்தார்கள், அழுத்தம் ஏறியது. லான்செட்டில் வெளிவந்தது. ஐசியு வாசலில் காத்திருந்தவர்களுக்குத் தெரியும், "பிரஷர் ஏத்துற மருந்து ஓடுது, ஆனா ஏற மாட்டேங்குது" என்று டாக்டர் சொல்வதன் அர்த்தம். அந்த வாக்கியத்தை ஒழித்துவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

வெல்கம் நிறுவனம் 1995இல் கிளாக்ஸோவுடன் இணைந்தது. எல்-என்எம்எம்ஏவுக்கு 546சி88 என்று ஒரு குறியெண் கொடுத்துப் பெரிய சோதனைகளில் இறங்கினார்கள். 312 நோயாளிகளுடன் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையில் 72 மணி நேரத்தில் ஷாக்கிலிருந்து மீண்டவர்கள், மருந்து பெற்றவர்களில் 40 சதவீதம், வெற்று மருந்து பெற்றவர்களில் 24 சதவீதம். இதைப் பார்த்து யார்தான் உற்சாகப்பட மாட்டார்கள்? அடுத்த கட்டத்தில் 797 பேர். 1998இல் அது பாதியிலேயே நிறுத்தப்பட்டது. 28 நாட்களில் இறந்தவர்கள், வெற்று மருந்துக் குழுவில் 49 சதவீதம், 546சி88 குழுவில் 59 சதவீதம். அழுத்தம் ஏறியது உண்மை, ஷாக் சீக்கிரம் சரியானதும் உண்மை. ஆட்கள்தான் கூடுதலாக இறந்தார்கள். முழு விவரம் 2004இல்தான் அச்சில் வந்தது. ஆறு ஆண்டுத் தாமதம். வெற்றி பெற்ற சோதனைகளுக்கு அவ்வளவு நாள் ஆவதில்லை என்பது என் அனுபவத்தில் கண்ட ஒன்று.

எங்கே பிசகியது? இறப்புக் காரணங்களைப் பிரித்துப் பார்த்தபோது, மருந்துக் குழுவில் பல உறுப்புகள் செயலிழந்து இறந்தவர்கள் குறைவு, இதய ரத்த ஓட்டம் நின்று இறந்தவர்கள் அதிகம். எல்-என்எம்எம்ஏவுக்குத் தரம்பிரிக்கத் தெரியாது. தசையில் புதிதாக முளைத்த முரட்டு நொதியை அடக்கும்போதே, உட்படலத்தில் வாழ்நாளெல்லாம் சிட்டிகை சிட்டிகையாக வாயு தரும் நல்ல நொதியையும் அடக்கிவிட்டது. நுரையீரல் தமனிகள் சுருங்கின. நலிந்த இதயம் இறுகிய குழாய்களை எதிர்த்து இறைக்க முடியாமல் திணறியது, வெளியேற்றும் ரத்தத்தின் அளவு குறைந்தது. மானிட்டரில் தெரியும் அழுத்தம் 90ஐத் தாண்டினால் மருத்துவருக்கு நிம்மதி. ஆனால் உறுப்புக்கு வேண்டியது அழுத்தம் அல்ல, ஓட்டம். அழுத்தம் ஏறி ஓட்டம் குறைவது சாத்தியம் என்பதை எந்த உடலியங்கியல் பாடநூலும் சொல்லும். பாடநூலை அறியாதவர்கள் நடத்திய சோதனை அல்ல அது. எண் ஒன்று கண்ணெதிரே ஏறும்போது அதை நம்பாமலிருப்பது கஷ்டம், அவ்வளவுதான்.

அதே 1998 அக்டோபரில் ஸ்டாக்ஹோம் அறிவித்த மருத்துவ நோபல் பரிசு, நைட்ரிக் ஆக்சைடு கண்டுபிடிப்புக்காக ஃபர்ச்காட், முராட், லூயிஸ் இக்னாரோ மூவருக்கும் போனது. மொன்காடாவுக்கு இல்லை. அதைப் பற்றி இன்றும் சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால் அவர் பெயர் இருந்திருக்க வேண்டும், ஆனால் பரிசு விதி மூவருக்கு மேல் இடம் தருவதில்லை.

இன்னொரு சங்கடமும் மெல்லத் தலைதூக்கியது. எலியின் தசைச் செல்கள் தாராளமாகக் கொட்டும் நைட்ரிக் ஆக்சைடை மனிதத் தசைச் செல்கள் மிகுந்த கஞ்சத்தனத்தோடுதான் தந்தன. எண்டோடாக்சினைத் தாங்குவதிலும் எலி வேறு, நாம் வேறு. எலியைக் கொல்லும் அளவில் மிகச்சிறு பங்கே மனிதனைச் சாய்த்துவிடும். அப்படியானால் மனிதக் குழாயில் இந்த நொதிக்குப் பங்கே இல்லையா? 2000இல் ஜில்லாலி அனானின் பிரெஞ்சுக் குழு, தோலடித் தொற்று முற்றி ஷாக்கில் விழுந்த நோயாளிகளின் திசுக்களைச் சோதித்தது. நொதி இருந்தது. ஆனால் தொற்று அழுகிக்கொண்டிருந்த இடத்தில்தான் அதன் வேலை உச்சத்தில் இருந்தது, உடம்பு முழுக்க ஒரே சீராக இல்லை. முழு உடம்பிலும் வாயுவை அடைத்த மருந்து, எரிகிற இடத்தையும் எரியாத இடத்தையும் ஒன்றாக நடத்திவிட்டது.

தசை செவிடாவதற்கு வாயு மட்டும் காரணமல்ல என்பதும் தெளிவாகிக்கொண்டிருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் லாண்ட்ரியும் ஜுவான் ஆலிவரும் 1992இல் இன்னொரு வாசலைக் காட்டினார்கள். தசைச் செல்லின் சவ்வில் பொட்டாசியத்துக்கான வாய்க்கால்கள் சில, செல்லின் எரிபொருளான ஏடிபி குறையும்போது திறக்கின்றன. அவை திறந்தால் செல்லின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் நுழையும் வாசல்கள் மூடிக்கொள்கின்றன. பிறகு நார்அட்ரினலின் எவ்வளவு கத்தினாலும் இறுகக் கால்சியம் வராது. எண்டோடாக்சின் பெற்ற நாய்களுக்கு அந்த வாய்க்காலை அடைக்கும் மருந்து கொடுத்தார்கள், அழுத்தம் ஏறியது. அந்த மருந்து வேறொன்றுமில்லை, சர்க்கரை நோயாளிகள் பல காலம் விழுங்கிய கிளிபென்கிளமைடு. பிற்காலத்தில் சில நோயாளிகளிடம் சோதித்தபோது அது பயன் தரவில்லை. நாய் மறுபடியும் மனிதனாக மறுத்துவிட்டது.

லாண்ட்ரிக்கு ஆறுதல் இன்னொரு பக்கத்திலிருந்து கிடைத்தது. 1997இல் அவருடைய குழு, செப்டிக் ஷாக் நோயாளிகளின் ரத்தத்தில் வாசோபிரசின் என்ற ஹார்மோன் எதிர்பாராத அளவுக்குக் குறைந்திருப்பதைக் கண்டது. கொஞ்சமாகக் கொடுத்தார்கள். நார்அட்ரினலினுக்கு மசியாத அதே தசை வாசோபிரசினுக்குக் கீழ்ப்படிந்தது. 2008இல் 778 பேரிடம் நடந்த சோதனையில் இது இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. எனினும் கெடுதலும் செய்யவில்லை. இன்று நார்அட்ரினலின் அளவு கூடும்போது அடுத்ததாகச் சேர்க்கும் மருந்து பெரும்பாலும் இதுதான்.

ஸ்டீராய்டுக்கும் இதே கதி. நொதி முளைக்கும் முன் கொடுத்தால் டெக்சாமெத்தசோன் தடுக்கிறது என்று பெக்கன்ஹாம் எலிகள் சொல்லியிருந்தன. ஆனால் நோயாளி "நாளைக்கு எனக்கு ஷாக் வரும்" என்று முன்பதிவு செய்துவிட்டு வருவதில்லை. 2018இல் வெளியான, அட்ரீனல் என்று பெயரிட்ட சோதனையில், ஏறத்தாழ 3,800 பேரில் பாதிப் பேருக்கு ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார்கள். ஷாக்கிலிருந்து மீள்வது நான்கு நாளிலிருந்து மூன்று நாளாகச் சுருங்கியது. 90 நாள் இறப்புக் கணக்கு ஏறத்தாழ அப்படியே இருந்தது.

விந்தையான மறுவருகை ஒன்றும் உண்டு. 1876இல் ஹைன்ரிக் காரோ துணிச் சாயமாகத் தயாரித்த மெத்திலீன் புளூ. வாயுவின் செய்தியைத் தசை வாங்கிக்கொள்ளும் இடத்தில், அந்தக் குவானைலில் சைக்ளேஸ் நொதியிடம் இது குறுக்கிடுகிறது. 2023இல் மெக்சிகோவின் ஒரே மருத்துவமனையில் 91 பேரிடம் சோதித்ததில், அழுத்தம் ஏற்றும் மருந்துகளை நிறுத்தும் நாள் முன்னதாகவே வந்தது. நோயாளியின் சிறுநீர் சில நாள் பச்சை நீலமாக இருக்கும், உறவினர்களிடம் முன்பே சொல்லிவைப்பது நல்லது. 91 பேர் என்பது சின்னக் கூட்டம். 312 பேரின் உற்சாகம் 797 பேரிடம் என்ன ஆயிற்று என்பதைப் பார்த்துவிட்டதால், இதற்கு நான் இப்போதைக்குக் கைதட்டப் போவதில்லை.

ஒரு கேள்வியைத் தொடக்கத்திலிருந்தே ஒதுக்கிக்கொண்டு வருகிறேன். தசைக்கு எண்டோடாக்சின் வந்திருப்பது எப்படித் தெரிகிறது? வெள்ளணுக்களின் மேற்பரப்பில் சிடி14 என்ற புரதம் நஞ்சைப் பிடித்துத் தருகிறது. தசைச் செல்லுக்கு அந்தப் புரதம் சொந்தமாக இல்லை, ரத்தத்தில் மிதக்கும் சிடி14ஐக் கடன் வாங்கித்தான் நஞ்சை உணர்கிறது என்று 1995இல் தெரிந்தது. ஆனால் சிடி14க்குச் செல்லுக்குள் நீளும் வால் கிடையாது, வாசலில் பிடித்துக்கொடுப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். உள்ளே செய்தி சொல்லும் ஆளை 1998 டிசம்பர் வரை யாரும் பார்த்ததில்லை. அந்த ஆளைக் காட்டிக்கொடுத்தது, அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற கடலோர ஊரின் ஜாக்சன் ஆய்வகத்தில் வளர்ந்த ஒரு சுண்டெலி வம்சம். எவ்வளவு எண்டோடாக்சின் ஏற்றினாலும் அவை அசருவதில்லை என்பது 1960களிலேயே தெரிந்திருந்தது. காரணம் மட்டும் முப்பது ஆண்டுகளாகப் பிடிபடவில்லை. டல்லஸில் புரூஸ் பாய்ட்லர் என்பவர் அந்தச் சுண்டெலிகளின் ஒரே ஒரு மரபணுவைத் தேடி ஐந்தாண்டுகள் செலவிட்ட கதை அடுத்த அத்தியாயத்தில்.